ஒப்புநோக்கி

வாரந்தோறும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பொருளையும் பயனையும் ஆராய்வது இப்பகுதியின் வழக்கம். இவ்வாரம் எடுத்துக்கொள்வது, நம் நாட்டில் ஆங்கில உடையிலேயே உலவி வருகிற ஒரு சொல். அது "கம்பரேட்டர்" என்பது.

இந்தச் சொல்லின் பொருள் யாதென்று நால்வரைக் கேட்டுப் பாருங்கள். யந்திர சாலையில் வேலை பார்ப்பவர், கடிகார முகம் போன்ற வட்டத்தில் ஒரு முள் அசையும் கருவியை எடுத்துக் காட்டுவார். வான சாஸ்திரி, இரண்டு புகைப்படத் தட்டுகளை மாற்றி மாற்றிக் கண்முன் நிறுத்தும் ஒரு யந்திரத்தைப் பற்றிச் சொல்லுவார். இரத்தப் பரிசோதனை செய்கிறவர், சிறு கண்ணாடிக் குழாயும் பழுப்பு நிறக் கண்ணாடிப் பட்டையும் பொருந்திய ஒரு சட்டத்தைக் காட்டுவார். மின்னணுக் கருவிகளைப் பழுது பார்க்கிறவரோ, நகத்தின் அளவுள்ள ஒரு கருநிறச் சில்லைத் தொட்டு, "இதுதான் அது" என்பார்.

நால்வர் சொல்வதும் உண்மையே. உருவத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இந்த நான்கு கருவிகளுக்கும் தொழில் ஒன்றுதான். ஒவ்வொன்றும் இரண்டு பொருள்களை அருகருகே வைத்து, அவை சமமா, அன்றா என்று தெரிவிக்கிறது. லத்தீன் மொழியில் "பார்" என்றால் சமம். அதன் முன்னே "கூட" என்று பொருள்படும் ஓர் எழுத்துக் கூட்டம் சேர்ந்து, சமமாகச் சேர்த்து வைத்தல் என்ற பொருளில் அமைந்த வினைச்சொல்லே கம்பரேட்டருக்கு மூலம்.

தமிழில் இதற்கு நேரான வேர் "ஒப்பு". இவ்வேரிலிருந்து கிளைத்த சொற்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒப்புக்கொள்ளுதல், ஒப்புவித்தல், ஒப்பந்தம், ஒப்புரவு, ஒப்பனை, ஏன், இறந்தவரைக் குறித்து அழும் ஒப்பாரி கூட இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. கையொப்பம் என்பதைக் கவனியுங்கள். பாங்கியில் நாம் கொடுக்கும் காசோலையில் உள்ள எழுத்தை, முன்பே வாங்கி வைத்த மாதிரி எழுத்தோடு குமாஸ்தா வைத்துப் பார்க்கிறார். இரண்டும் ஒத்திருந்தால்தான் பணம். ஒப்பிடுதற்கு உரியது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

அப்படியானால் கருவிக்குப் பெயர் என்ன வைக்கலாம்? வெப்பமானி, பாரமானி என்பவை போல "ஒப்புமானி" என்று சொல்லலாமே என்று சிலருக்குத் தோன்றும். "ஒப்பளவி" என்றும் சொல்லலாம். ஆனால் மானி, அளவி என்ற இரண்டும் "இவ்வளவு" என்று தொகை சொல்லும் கருவிக்கே பொருந்தும். இங்கே நாம் பேசும் கருவி, தொகை சொல்லுவதில்லை. "அதைவிட அதிகம்", "அதைவிடக் குறைவு", "அதற்குச் சமம்" என்று மட்டுமே சொல்லுகிறது. அச்சுக்கூடங்களில் மூலப் பிரதியையும் அச்சிட்ட தாளையும் அருகருகே வைத்துப் படிப்பதை "ஒப்புநோக்குதல்" என்று நெடுங்காலமாக வழங்கி வருகிறோம். அந்தத் தொழிலைத்தான் இந்தக் கருவிகளும் செய்கின்றன. ஆகவே "ஒப்புநோக்கி" என்ற பெயரே தகுதி என்பது என் அபிப்பிராயம். இனி இந்தக் கட்டுரையில் அப்பெயரையே ஆளுகிறேன்.

உலகத்தில் தோன்றிய ஒப்புநோக்கிகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று தராசு. வில் தராசுக்கும் தட்டுத் தராசுக்கும் உள்ள வேற்றுமையைப் பலர் கவனிப்பதில்லை. வில் தராசில் ஒரு பொருளைத் தொங்கவிட்டால், உள்ளேயிருக்கும் சுருள் நீண்டு, முள் ஓர் எண்ணைக் காட்டுகிறது. அது காட்டுவது, பூமி அந்தப் பொருளை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதை. பூமியின் இழுப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. துருவப் பிரதேசத்தில் ஒரு கிலோகிராம் காட்டும்படி அமைத்த வில் தராசு, அதே பொருளை பூமத்திய ரேகைக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 5 கிராம் குறைவாகக் காட்டும். தட்டுத் தராசுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. இழுப்பு மாறினாலும் இரண்டு தட்டுக்கும் சேர்ந்தே மாறுகிறது. ஒரு தட்டில் சரக்கு, மற்றொரு தட்டில் படிக்கல்; இரண்டும் சமமா என்பதுதான் கேள்வி. எந்தத் தேசத்தில் கேட்டாலும் விடை ஒன்றே.

தராசின் கை ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் குறுகியும் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்பொழுதும் உண்மை எடையைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் கணித நிபுணருமான போர்டா என்பவரின் பெயரால் வழங்கும் முறை அது. சரக்கை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் மணலைக் கொட்டி முள்ளை நேராக நிறுத்துங்கள். பிறகு மணலைத் தொடாமல் சரக்கை மாத்திரம் எடுத்துவிட்டு, அந்த இடத்திலேயே படிக்கற்களை வைத்து முள்ளை மீண்டும் நேராக்குங்கள். சரக்கு இருந்த அதே தட்டில், அதே மணலுக்கு எதிராக, படிக்கல் நின்றுவிட்டது. ஆகவே தராசு எவ்வளவு கோணலாக இருந்தாலும் இரண்டும் சமம். எண்ணெய்க் கடையில் பாத்திரத்துக்கு எடைகட்டத் தெரிந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது.

மற்றொரு வழி, கணித மேதை கௌஸ் என்பவரின் பெயரால் வழங்குவது. சரக்கை இடத் தட்டில் ஒரு முறையும் வலத் தட்டில் ஒரு முறையும் வைத்து நிறுக்க வேண்டும். கணக்கு எளிதாக இருப்பதற்காக ஒரு முறை 81 பலமும், மறு முறை 100 பலமும் வந்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 90½ வரும், அது சரியன்று. இரண்டையும் பெருக்கி வர்க்க மூலம் காண வேண்டும். 8,100க்கு வர்க்க மூலம் 90. அதுதான் உண்மை எடை.

இந்த இரண்டு முறைகளிலும் ஒரு பெரிய உண்மை மறைந்திருக்கிறது. ஒப்புநோக்கி குற்றமற்றதாக இருக்கவேண்டுமென்ற அவசியம் இல்லை. ஒரே நிலையில் நிற்பதும், சிறு வேற்றுமையையும் உணர்வதுமே அதற்கு வேண்டிய குணங்கள். ஆனால் படிக்கல் மட்டும் குற்றமற்றதாக இருந்தே தீரவேண்டும். படிக்கல் பொய்யானால், எவ்வளவு நேர்த்தியான தராசும் அந்தப் பொய்யையே நேர்த்தியாகச் சொல்லும்.

நம் முன்னோர் இக்கருவிகளை நன்றாக அறிந்திருந்தனர். திருவள்ளுவர் நடுவு நிலைமையைச் சொல்ல வந்த இடத்தில் துலாக்கோலையும், ஆளைத் தெரிந்து தெளிதலைச் சொல்ல வந்த இடத்தில் கட்டளைக்கல்லையும் எடுத்துக் கொண்டார். கட்டளைக்கல்லாவது பொற்கொல்லரின் உரைகல். அந்தக் கருங்கல்லின் மேல், சோதிக்கவேண்டிய நகையை ஒரு கோடு இழைக்கிறார்கள். அதன் அருகில், மாற்றுத் தெரிந்த பொன்னால் ஒரு கோடு இழைக்கிறார்கள். இரண்டு கோடுகளின் நிறத்தையும், திராவகம் பட்டபின் அவை நிற்கும் விதத்தையும் பார்த்து மாற்றை நிர்ணயிக்கிறார்கள். உரைகல்லுக்குப் பொன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாற்றுத் தெரிந்த அந்தத் துண்டுப் பொன் இல்லாவிட்டால், உரைகல் வெறும் கல்லே.

எடையிலிருந்து நீளத்துக்கு வருவோம். 1834-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி லண்டன் நகரில் பார்லிமெண்டுக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. இங்கிலாந்து தேசத்தின் நீள அளவுக்கெல்லாம் பிரமாணமாக அங்கே வைத்திருந்த கஜக்கோல் அந்த நெருப்பில் கெட்டது. எடைக்குப் பிரமாணமான ராத்தலும் தொலைந்தது. தேசத்தில் கஜக்கோல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றுள் எது சரி, எது தவறு என்று தீர்ப்புச் சொல்லவேண்டிய கோல் போய்விட்டது.

புதிய பிரமாணக் கோலைச் செய்யும் வேலையை முதலில் பிரான்ஸிஸ் பெய்லி என்ற வான சாஸ்திரி மேற்கொண்டார். அவர் 1844-ல் காலமானபின், ரிச்சர்டு ஷீப்ஷாங்க்ஸ் என்ற மற்றொரு வான சாஸ்திரி அதை ஏற்றார். பழைய கோலோடு முன்னர் ஒப்பிடப்பட்டிருந்த கோல்கள் சில மிஞ்சியிருந்தன. அவற்றைக் கொண்டே புதியது பிறக்கவேண்டும். ஸாமர்ஸெட் மாளிகையின் நிலவறையில் அவர் ஓர் ஒப்புநோக்கியை அமைத்தார். அசையாத பீடத்தில் இரண்டு மைக்ராஸ்கோப்புகள். அவற்றின் கீழ் ஒரு கோலை நிறுத்தி, அதன் இரு முனையிலும் உள்ள கீற்றுகள் எங்கே விழுகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தக் கோலை நகர்த்திவிட்டு மற்றொன்றை அதே இடத்தில் நிறுத்திப் பார்க்கவேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான தடவை பார்த்துப் பார்த்துக் குறித்தார். 1855-ல் புதிய கஜக்கோலைப் பார்லிமெண்டு சட்டபூர்வமாக அங்கீகரித்தது. அதே வருஷத்தில் அவரும் காலமானார்.

நிலவறையை அவர் நாடியதற்குக் காரணம் உஷ்ணம். உலோகம் சூடானால் நீளும். ஒரு மீட்டர் எஃகுக் கோல், உஷ்ணம் ஒரு டிகிரி ஸென்டிகிரேடு ஏறினால் சுமார் 11 அல்லது 12 மைக்ரான் நீளும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பார்க்கிறவருடைய உடம்பின் சூடு கூடக் கணக்கைக் கெடுத்துவிடும். இரண்டு பொருள்களை ஒப்பிடுமுன், இரண்டும் ஒரே நிலைமையில் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். வெயிலில் கிடந்த கோலையும் நிழலில் கிடந்த கோலையும் ஒப்பிட்டு, "இது நீளம், அது குட்டை" என்று தீர்ப்புக் கூறுவது நியாயமாகாது.

இதே தத்துவந்தான் இன்றைய யந்திர சாலைகளில் வேலை செய்கிறது. ஸ்வீடன் தேசத்துத் துப்பாக்கித் தொழிற்சாலையில் பணியாற்றிய ஜோஹான்ஸன் என்பவருக்கு 1896-ல் ஓர் எண்ணம் உதித்தது. மிக நுட்பமாக இழைத்த எஃகுக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வேண்டிய நீளத்தை உண்டாக்கலாம் என்பதே அது. அவர் வகுத்த 102 கட்டைகள் கொண்ட தொகுதியிலிருந்து ஏறக்குறைய 20,000 வெவ்வேறு நீளங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். 25 மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் உறுப்பை ஆயிரக்கணக்கில் செய்யவேண்டுமென்றால், முதலில் 25 மில்லிமீட்டர்க் கட்டையை டயல் கேஜின் அடியில் வைத்து முள்ளைச் சூனியத்தில் நிறுத்துகிறார்கள். பிறகு கட்டையை எடுத்துவிட்டு, செய்த உறுப்புகளை ஒவ்வொன்றாக அங்கே வைக்கிறார்கள். முள் வலப்புறம் இரண்டு கோடு போனால் அவ்வளவு மிகுதி. இடப்புறம் போனால் அவ்வளவு குறைவு. கருவி 25 மில்லிமீட்டரை அளப்பதே இல்லை. அதற்கு மேலும் கீழும் உள்ள அணுப்பிரமாணமான வித்தியாசத்தை மட்டுமே பெரிதாக்கிக் காட்டுகிறது. தொகை முழுவதையும் சொல்லும் பொறுப்பை விட்டுவிட்டதனாலேயே வித்தியாசத்தை இவ்வளவு நுட்பமாகச் சொல்ல அதனால் முடிகிறது.

நிறத்தை ஒப்பிடும் கருவிகள் நம் குடும்பங்களுக்கு இன்னும் நெருங்கியவை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க, ஸ்விஸ் தேசத்து வைத்தியர் ஸாலி என்பவரின் பெயரால் வழங்கும் கருவி நம் நாட்டுப் பரிசோதனைக் கூடங்களில் நெடுங்காலம் பயன்பட்டது. குழாயில் மெல்லிய ஹைட்ரோகுளோரிக் திராவகத்தை விட்டு, விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தை அதில் கலக்கிறார்கள். இரத்தம் பழுப்பு நிறம் அடைகிறது. சிறிது நேரம் பொறுத்து, வாலை வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பக்கத்திலுள்ள பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு ஒன்றாகும் வரையில் கலக்குகிறார்கள். நிறம் ஒன்றானதும் குழாயில் நீர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுவே விடை. கர்ப்பிணியல்லாத பெண்களுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11 கிராமுக்கும் குறைந்தால் சோகை என்று கொள்ளுகிறார்கள். இன்று இதைவிடத் திருத்தமான முறைகள் வந்துவிட்டன. ஆயினும், ஒரு துண்டுப் பழுப்புக் கண்ணாடி எத்தனையோ தாய்மார்களின் சோகையை வெளிப்படுத்தியிருக்கிறது என்பதை மறக்கலாகாது.

வயலிலும் ஓர் ஒப்புநோக்கி உண்டு. அதற்கு இலை வண்ண அட்டை என்று பெயர். வெளிர் பச்சை முதல் கரும்பச்சை வரையில் படிப்படியாகச் சில பட்டைகள் அதில் இருக்கும். நெற்பயிரின் நன்றாக விரிந்த மேல் இலையை அதன்மேல் வைத்து, எந்தப் பட்டையோடு ஒத்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். பத்து இலைகள் பார்த்ததில், பாதிக்கு மேற்பட்டவை குறித்த எண்ணுக்குக் கீழே இருந்தால் தழைச்சத்து உரம் இடவேண்டும், இல்லையேல் வேண்டாம். அந்தக் குறித்த எண், வெள்ளைப் பொன்னிக்கு 3 என்றும் மற்ற ரகங்களுக்குப் பொதுவாக 4 என்றும் நம் விவசாய நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள். பார்க்கும்பொழுது இலையின்மேல் வெயில் நேராக விழாதபடி உடம்பால் மறைத்துக்கொள்ள வேண்டும்; ஒவ்வொரு தடவையும் ஒருவரே, ஏறக்குறைய அதே நேரத்தில் பார்க்கவேண்டும் என்றும் விதி. ஷீப்ஷாங்க்ஸ் நிலவறையைத் தேடியதற்கும் விவசாயி நிழலைத் தேடுவதற்கும் காரணம் ஒன்றே. நிலைமை மாறினால் ஒப்பு கெடும்.

இதுவரை சொன்னவை எல்லாம் ஒரு பொருளை வேறொரு பொருளோடு ஒப்பிடுபவை. ஒரு பொருளை அதனோடேயே ஒப்பிடும் கருவியும் ஒன்று உண்டு. அதுவே வான சாஸ்திரியின் ஒப்புநோக்கி. வானத்தின் ஒரு பகுதியை ஒரு நாள் ஒரு தட்டிலும், சில நாள் கழித்து மற்றொரு தட்டிலும் புகைப்படம் எடுத்தார்கள். அந்த இரண்டு தட்டுகளையும் கருவியில் பொருத்தி, கண்ணுக்கு ஒன்றையும் அடுத்த கணத்தில் மற்றொன்றையுமாக மாற்றி மாற்றிக் காட்டினார்கள். நக்ஷத்திரங்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். இடம் பெயர்ந்தது ஏதேனும் இருந்தால் அது மாத்திரம் துள்ளும்.

அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்திலுள்ள லோவல் வானிலையத்தில் கிளைட் டாம்பா என்ற இளைஞர் இந்த வேலையில் அமர்த்தப்பட்டிருந்தார். கான்ஸாஸ் பிரதேசத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அக்காலத்தில் கல்லூரிப் பட்டம் பெறாதவர். 1930-ம் வருஷம் ஜனவரி 23-லும் 29-லும் மிதுன ராசிப் பக்கம் எடுத்த இரண்டு தட்டுகளை, பிப்ரவரி 18-ந் தேதி அவர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அசையாத எண்ணற்ற புள்ளிகளின் நடுவே மங்கலான ஒரு புள்ளி மட்டும் துள்ளிற்று. தட்டின்மேல் அது நகர்ந்திருந்த தூரம் சுமார் 3½ மில்லிமீட்டர். அதுதான் புளூட்டோ. 2006-ல் அதைக் கிரகங்களின் வரிசையிலிருந்து நீக்கிக் குறுங்கிரகம் என்று வகுத்துவிட்டார்கள். பெயர் மாறினும் கண்டுபிடிப்பின் பெருமை குறையவில்லை. ஒரு தட்டை மட்டும் ஆயுள் முழுவதும் உற்றுப் பார்த்திருந்தாலும் அந்தப் புள்ளி அவருக்குத் தன்னை வெளிப்படுத்தியிராது.

கடைசியாக மின்னணுச் சில்லு. அதற்கு இரண்டு வாசல்கள். இரண்டிலும் வரும் மின்னழுத்தங்களுள் எது அதிகம் என்பதை மட்டும் அது சொல்லும். "ஆம்", "இல்லை" என்ற இரண்டு விடைகளே அதற்குத் தெரியும். இதைக்கொண்டு என்ன பிரயோஜனம் என்று எண்ணவேண்டாம். மளிகைக் கடைத் தராசில் 16, 8, 4, 2, 1 என்ற ஐந்து படிக்கற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சரக்கின் எடை 21. முதலில் 16ஐ வைக்கிறோம், சரக்கே கனம், இருக்கட்டும். 8ஐச் சேர்த்தால் 24, மிஞ்சிவிட்டது, எடுத்துவிடுகிறோம். 4ஐச் சேர்த்தால் 20, இருக்கட்டும். 2ஐச் சேர்த்தால் மிஞ்சுகிறது; எடுத்துவிடுகிறோம். 1ஐச் சேர்த்தால் சரி. ஐந்தே கேள்விகளில் 21 என்று தெரிந்துவிட்டது. இப்படியே 31 வரையில் எந்த எடையையும் காணலாம். அளவைக் கணக்காக மாற்றும் மின்னணுக் கருவிகள் பலவற்றில் இதே முறை நடைபெறுகிறது. ஒப்பிட மட்டுமே தெரிந்த கருவி, ஒழுங்காகப் பலமுறை கேட்டால், தொகையும் சொல்லிவிடுகிறது.

இனி, எல்லாவற்றுக்கும் ஆதாரமான பிரமாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடைக்காரரின் படிக்கல்லைச் சர்க்கார் முத்திரையிடும்பொழுது, அதிகாரியிடமுள்ள எடையோடு ஒப்பிடுகிறார்கள். அதிகாரியின் எடையை அதற்கு மேற்பட்ட எடையோடும், அதை இன்னும் மேற்பட்ட எடையோடும் ஒப்பிடுகிறார்கள். இந்தச் சங்கிலி டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலை வரையில் போகிறது. அங்கே பிளாட்டினமும் இரிடியமும் கலந்து செய்த 57-ம் நம்பர் கிலோகிராம் இருக்கிறது. அதற்குத் தாய், பாரிஸ் அருகே ஸேவ்ர் என்ற ஊரில் கண்ணாடிக் கவசங்களுக்குள் வைத்துள்ள கிலோகிராம். 1889 முதல் 2019 வரையில் உலகத்துக்கெல்லாம் அதுவே பிரமாணமாக இருந்தது.

1988 முதல் 1992 வரையில் அந்தத் தாய்க் கிலோகிராமையும் அதன் பிரதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபொழுது, சுமார் நூறு வருஷ காலத்தில் பிரதிகள் பலவற்றுக்கும் அதற்கும் இடையே 50 மைக்ரோகிராம் அளவில் வித்தியாசம் ஏற்பட்டிருந்தது. ஒரு நுண்ணிய மணல் துகளின் எடை என்று சொல்லலாம். பிரதிகள் கனத்தனவா, அன்றித் தாய்தான் இளைத்ததா? ஒப்புநோக்கி இதற்கு விடை சொல்லாது. வேற்றுமை உண்டு என்று மட்டுமே சொல்லும். சட்டப்படி தாய் ஒருநாளும் இளைக்க முடியாது. ஏனெனில் அதன் எடையே கிலோகிராம். இந்தத் தர்மசங்கடத்தைத் தீர்க்கும்பொருட்டு, 2019-ம் வருஷம் மே 20-ந் தேதி முதல் உலோகத் துண்டைப் பிரமாணமாகக் கொள்வதை விட்டு, எக்காலத்திலும் எவ்விடத்திலும் மாறாத பிளாங்க் எண் என்ற இயற்கை அளவைக்கொண்டு கிலோகிராமை வரையறுத்துவிட்டார்கள்.

கருவிகளைப் பற்றி இவ்வளவு சொன்னதன் நோக்கம், நாம் ஒவ்வொருவரும் வீட்டில் ஓர் ஒப்புநோக்கியை ஓயாமல் உபயோகித்து வருகிறோம் என்பதே. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் பட்டியல் கொடுக்கும் நாளில், தகப்பனார் முதலில் கேட்பது, "உனக்கு என்ன தெரியும்?" என்பதன்று. "அடுத்த வீட்டுப் பையன் எத்தனை வாங்கினான்?" என்பதே. இருபது வருஷங்களுக்கு மேலாகப் பிள்ளைகளோடு பழகுகிற எனக்கு, அந்தக் கேள்வியைக் கேட்ட முகங்கள் எப்படி வாடும் என்று தெரியும்.

ஒப்பிடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒப்பிடாமல் அறிவு வளராது என்பதற்கு இந்தக் கட்டுரை முழுவதும் சாக்ஷி. ஆனால் பட்டறைத் தொழிலாளி ஓர் எஃகுத் துண்டுக்குச் செய்யும் நியாயத்தை நம் குழந்தைக்கும் செய்யவேண்டாமா? வீட்டில் விளக்கும் மேஜையும் புத்தகமும் அமைந்த பையனையும், தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டே பாடம் படிக்கும் பெண்ணையும் ஒப்பிடும்பொழுது, வெயிலில் கிடந்த கோலையும் நிழலில் கிடந்த கோலையும் ஒப்பிட்டவர்களாகிறோம். அடுத்த வீட்டுப் பையனைப் படிக்கல்லாக வைக்கிறோமே, அவனுக்கு முத்திரையிட்டவர் யார்? மேலும், ஒப்பீடு காட்டுவது வித்தியாசத்தை மட்டுமே. 25 மில்லிமீட்டரில் இரண்டு மைக்ரான் குறைந்த உறுப்புக்கு மீதி எஃகு முழுவதும் இல்லாமற் போய்விடவில்லை. ஆனால் முள் அந்த இரண்டு மைக்ரானை மட்டுமே பெரிதாக்கிக் காட்டுகிறது. நாமும் நாலு மதிப்பெண் குறைவை மட்டும் பெரிதாக்கி, குழந்தையிடம் இருப்பதையெல்லாம் மறந்துவிடுகிறோம்.

பெற்றோருக்கு ஒரு யோசனை சொல்லுகிறேன். ஜூன் மாதத்தில் உங்கள் குழந்தை எழுதிய நோட்டுப் புத்தகத்தைப் பழைய காகிதக்காரருக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். டிசம்பரில் எழுதிய நோட்டை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதில் ஒரு பக்கம், அதில் ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். கணக்குப் போடும் முறை, எழுத்தின் திருத்தம், ஒரு வாக்கியத்தை முடிக்கும் துணிவு, இவற்றுள் ஏதாவது ஒன்று இடம் பெயர்ந்திருக்கும். அதைக் கண்டவுடன் குழந்தையைக் கூப்பிட்டு, அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள்.